டிரம்மில் போகும் தேனும் பாட்டிலில் போகும் தேனும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் தேன் வாங்கிச் சுத்தம் செய்து விற்கும் சிறு யூனிட். ஆண்டுக்கு ஏறக்குறைய 7 டன் டிரம்மில் ஒரே வியாபாரிக்குப் போகிறது, 2 டன் உங்கள் லேபிளோடு பாட்டிலில் போகிறது. மொத்த விற்பனை நான்கு ஆண்டாக 20 லட்சத்தைத் தாண்டவில்லை. அதே அளவு மெஷினோடு அதே ஆண்டில் தொடங்கிய இன்னொருவர் மூன்று மடங்கு வளர்ந்துவிட்டார். தடையாக இருப்பது சந்தையா, ஆள்பழக்கமா, அரசு விதிகளா? கையில் இருக்கும் 5 லட்சத்துக்குப் பெரிய மெஷின் வாங்கலாமா?

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் தேனுக்கு விலை சொல்லும் இடத்தில் இன்னும் ஏன் அந்த வியாபாரியே உட்கார்ந்திருக்கிறார்? அதற்குப் பதில் கிடைத்தால் சந்தை, பழக்கம், விதி மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

மெஷினை முதலில் பேசி முடித்துவிடலாம், அது எளிது. சிறிய சுத்திகரிப்பு யூனிட் நாளைக்கு 300 கிலோ ஓட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 9 டன்னையும் அதில் ஓட்டினால் 30 நாள் வேலை. பாட்டிலுக்குப் போகும் 2 டன்னுக்கு ஒரு வாரம் போதும். ஆண்டில் பதினொரு மாதம் சும்மா கிடக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய மெஷினைக் கொண்டுவந்து வைப்பதில் பொருளே இல்லை. மானியம் கிடைக்கிறது என்பதற்காக மெஷின் வாங்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் கயிற்றுத் தொழில் முதல் முந்திரி வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. மானியம் மெஷினுக்குத்தான் தாராளமாகக் கிடைக்கும், மாசி மாதத்தில் சரக்கு வாங்கும் காசுக்குக் கிடைக்காது. ஆகவே தேவையே மெஷின்தான் என்று நம்மை நாமே நம்ப வைத்துக்கொள்கிறோம்.

இனி சந்தை. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. வியாபாரம் இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. காசு கொடுத்துத் தேன் வாங்கும் பெரிய நகரமும், மருந்துக்குத் தேன் வேண்டிய ஆயுர்வேதக் கடைகளும் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் நடுவே மாநில எல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு செல்லாது. முதல் பில்லுக்கே பதிவு வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்துகொண்டு தப்பிக்கலாம் என்றால் அதுவும் முடியாது, அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பக் கூடாது. மதுரைக்காரருக்கு 40 லட்சத்தில் வரும் தலைவலி களியக்காவிளைக்காரருக்கு முதல் பெட்டியிலேயே வந்துவிடுகிறது.

இதன் அடுத்த சுற்றுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். லேபிள் ஒட்டி அடைத்த தேனுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. டிரம்மில் போகும் சில்லறைப் பொதியல்லாத தேனுக்கு வரி இல்லை. வரியில்லாப் பொருளை மட்டும் விற்பவர் எல்லை தாண்டி விற்றாலும் பதிவு தேவையில்லை. அதாவது உங்கள் தேனை டிரம்மாக வியாபாரிக்கு ஏற்றிவிட்டால் எந்த ஜி.எஸ்.டி. காகிதமும் கேட்கப்படாது. அதே தேனைப் பாட்டிலில் அடைத்து நீங்களே பாறசாலைக் கடைக்குக் கொண்டுபோனால் பதிவு, மாதாமாதமோ காலாண்டுக்கொருமுறையோ கணக்குத் தாக்கல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஏற்றிப்போக இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு, ஆடிட்டர் கூலி எல்லாம் வரும். சட்டம் யாரையும் டிரம்மிலேயே இரு என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கம் சரிவாகவும் பாட்டில் பக்கம் மேடாகவும் இருக்கிறது. வியாபாரியின் லாபத்தில் ஒரு பங்கு அந்த மேட்டை உங்களுக்குப் பதிலாக அவர் ஏறுவதற்கான கூலி. மீதிப் பங்கு எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

பதிவு செய்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட்டிலுக்கு நீங்கள் 18 சதவீத வரி கட்டுகிறீர்கள். பதிவு இல்லாவிட்டால் அது அப்படியே அடக்க விலையில் உட்கார்ந்துவிடும். பதிவு இருந்தால் தேனின் 5 சதவீதத்தில் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய பொருளின் வரிவிகிதம் அதிகமாக இருந்து கழிக்க முடியாமல் நிற்கும் தொகையைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு. ஆடிட்டர் கூலியும் கழிவாகக் கிடைப்பதும் எந்த அளவில் சமமாகும் என்பது நீங்கள் எத்தனை பாட்டில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2 டன்னில் அநேகமாகக் கையைக் கடிக்கும். 4 டன்னைத் தாண்டினால் கடிக்காது என்பது என் கணிப்பு. உங்கள் பில்களை வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் சரியான எண் வந்துவிடும்.

வரியைவிடக் கடுமையான விதி ஈரப்பதம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர அளவின்படி தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் தேனில் பெரும்பகுதி ரப்பர்த் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தில் சுரக்கும் மதுவைத் தேனீ எடுக்கிறது. தை கடைசியில் தொடங்கிப் பங்குனிக்குள் பெருமளவு முடிந்துவிடும். அவசரத்தில், தேனீக்கள் மெழுகால் முழுதாக மூடாத அடையை எடுத்துச் சுழற்றினால் 23, 24 சதவீத நீரோடு தேன் வரும். 24 சதவீதத் தேன் 100 கிலோவில் கெட்டிப் பொருள் 76 கிலோ. அதை 20 சதவீதத்துக்கு இறக்கினால் கையில் நிற்பது 95 கிலோ. ஐந்து கிலோ தண்ணீருக்கும் தேன் விலை கொடுத்திருக்கிறீர்கள். கிலோ 150 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், 24 சதவீதத் தேனின் உண்மை விலை 158 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கைக்கருவியால் ஈரப்பதம் பார்த்து வாங்குபவர் இந்த எட்டு ரூபாயை வாங்கும் இடத்திலேயே பேசிவிடுவார். நாக்கில் தொட்டுப் பார்த்து வாங்குபவருக்கு அது ஆண்டுக் கடைசியில் காணாமல்போன லாபமாகத்தான் தெரியும். அந்தக் கைக்கருவியை, அதாவது ரிஃப்ராக்டோமீட்டரை, வாங்கும்போது வெப்பநிலையைத் தானே சரிசெய்யும் வகையாக வாங்குங்கள். உறைந்த தேனை அப்படியே கண்ணாடியில் வைத்துப் பார்க்காதீர்கள், அளவு தவறும். சிறு குப்பியில் எடுத்து வெந்நீரில் வைத்து இளக்கி, ஆறவிட்டுப் பாருங்கள்.

நீர் அதிகமான தேன் டிரம்மில் இருந்தால் புளிக்கும். நுரை கட்டி மூடி உப்பும். அதற்குப் பயந்து அதிகம் சூடாக்கினால், சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும், அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று உச்ச அளவு இருக்கிறது. 40 முதல் 45 டிகிரிக்குள் இளக்கி வடிகட்டி, 60 முதல் 65 டிகிரியில் சில நிமிடம் மட்டும் வைத்து உடனே ஆறவைப்பதுதான் நடைமுறை. அடுப்பு நெருப்பை நேரே பாத்திரத்துக்குக் காட்டக் கூடாது, வெந்நீர்த் தொட்டிக்குள்தான் பாத்திரம் இருக்க வேண்டும். இன்னொன்று, ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும். வாங்கியவர் அடியில் கட்டி நிற்பதைப் பார்த்துச் சீனி கலந்திருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருவார். இது தரக்குறைவே இல்லை, ஆனால் சந்தையில் தரக்குறைவாகத்தான் எண்ணப்படும். லேபிளிலேயே 'உறைவது இயல்பு, வெந்நீரில் வைத்தால் இளகும்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடைக்காரரின் பாதித் தகராறு குறையும்.

இப்போது ஆள்பழக்கம். வியாபாரி எடுக்கும் மீதிப் பங்குக்குக் காரணம் இதில் இருக்கிறது. ஆனி முதல் ஐப்பசி வரை மழைக்காலத்தில் பூ இல்லை. தேனீப் பெட்டியைக் காப்பாற்றச் சீனிப்பாகு வைக்க வேண்டும். நூறு பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த மாதங்களில் வரவு இல்லாமல் செலவு மட்டும். அப்போது சீனிக்குக் காசு கொடுப்பவருக்குத்தான் மாசியில் தேன். வட்டி என்று எழுதுவதில்லை; தேன் விலையில் சில ரூபாய் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கு இரவோடு இரவாகப் பெட்டி ஏற்றிப்போகும் லாரி வாடகையும் இதே கணக்கில் வரும். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் நோய் வந்து நம் பக்கத்துக் கூடுகள் பெரும்பாலும் அழிந்தபோதும் பெட்டி வளர்ப்பவர்களைத் திரும்ப எழ வைத்ததில் வங்கிக்கு இருந்த பங்கைவிட இப்படிப்பட்ட கைமாற்றுக்கு இருந்த பங்கு பெரிது என்றே நினைக்கிறேன். ஆகவே அந்த வியாபாரியைச் சுரண்டுபவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அவர் செய்வது கடன், காப்பீடு, சரக்கு சேகரிப்பு மூன்றும்.

இந்தச் சீனி இன்னொரு வழியாகவும் திரும்பி வரும். கரும்புச் சீனி தேனில் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் சி4 சோதனை காட்டிவிடும். 7 சதவீதம் உச்ச அளவு. பெட்டிக்காரர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. தளிர் விட்ட பிறகும் பாகு வைப்பதை நிறுத்தாவிட்டாலோ, பாகு நிறைந்த பழைய அடையைத் தேன் எடுக்கும் மேல்தட்டில் விட்டுவிட்டாலோ போதும். முப்பது பேரிடம் வாங்கிய தேனை ஒரே தொட்டியில் கொட்டினால் ஒருவர் தவறு முப்பது பேர் தேனையும் கெடுத்துவிடும், யாருடையது என்றும் தெரியாது. ஆயுர்வேத நிறுவனம் சோதனைச் சான்று கேட்கும்போது சிறு யூனிட்டுகள் தடுக்கி விழும் இடம் இதுதான். வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது: ஒவ்வொருவர் டிரம்முக்கும் எண், தேதி, இடம், ஒவ்வொன்றிலிருந்தும் 200 மில்லி மாதிரி எடுத்து மூடி வைத்தல், சோதனைக்கு முன் கலக்காதிருத்தல். எல்லா டிரம்மையும் ஆய்வகத்துக்கு அனுப்பக் காசு கட்டாது. புதிதாகத் தேன் தருபவர், தளிர்க்காலத்தின் முதல் சுற்றில் எடுத்த தேன், இந்த இரண்டை மட்டும் அனுப்புங்கள்.

பழக்கம் தொழிலுக்கு எவ்வளவு உதவும், எங்கே காலைக் கட்டும் என்பதற்குத் திருப்பூர் நல்ல சான்று. பின்னலாடைத் தொழிலைப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தபோது, உறவிலும் ஊரிலும் பணம் புரட்ட முடிந்த உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் அதிக முதல் போட்டிருந்தார்கள். பணத்துக்கு அலைந்த வெளியூர்க்காரர்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்து அவர்களை முந்தியது. எளிதாகக் கிடைத்த பணம் சுமாரான தொழிலையும் தாங்கி நிற்க வைக்கிறது என்று பொருள். சீனாவின் நான்சாங் நகரில் 2,820 சிறு நிறுவனங்களை வைத்து நடத்திய சோதனையில், சுமார் பத்துப் பத்துப் பேராக மாதம் ஒருமுறை சந்தித்துப் பேச வைத்தார்கள். ஓராண்டில் அவர்களின் விற்பனை, சந்திக்காதவர்களைவிட 8 சதவீத அளவில் கூடியது. தங்களைவிடத் தேர்ந்தவர்களோடு உட்கார்ந்தவர்கள் அதிகம் பெற்றார்கள். அந்த எண்ணை அப்படியே மார்த்தாண்டத்துக்குப் பெயர்க்க முடியாது. ஆனால் உங்களைவிட மூன்று மடங்கு வளர்ந்தவரைப் போட்டியாளர் என்று ஒதுக்காமல் மாதம் ஒருமுறை டீக்கடையில் உட்கார்த்தி வைப்பது செலவில்லாத முயற்சி. அவர் எந்தக் கடைக்குப் போடுகிறார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். எந்தக் கடைக்காரர் காசை இழுத்தடிக்கிறார் என்று கேளுங்கள், சொல்லுவார்.

சந்தை விரிந்தால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1997 முதல் 2001க்குள் வட கேரளக் கடற்கரைக்குக் கைப்பேசி வந்தபோது மீனவர்கள் வேறு கரைகளில் விலை கேட்டு விற்கத் தொடங்கினார்கள், விலை ஏற்றத்தாழ்வு குறைந்தது. அது பலருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது, வேறு கரைக்குப் போனவர்கள் அங்கே கட்டும் மீன்பிடி வள்ளம் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதையும் பார்த்தார்கள் என்பது. நல்ல வள்ளம் கட்டியவர்களுக்கு வேலை குவிந்தது, ஆட்களைப் பிரித்து வேலை கொடுத்தார்கள், அடக்கம் குறைந்தது. சுமாராகக் கட்டியவர்கள் பலர் தொழிலை விட்டார்கள். பாறசாலைக் கடை அலமாரியில் உங்கள் பாட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய கம்பெனிப் பாட்டிலும் நிற்கும். உறைதல், புளிப்பு, லேபிள் உரிதல் இவை தீராமல் அங்கே போனால் நட்டத்தோடுதான் திரும்புவீர்கள். மறுபுறம், எகிப்தில் கம்பளம் நெய்யும் சிறு பட்டறைகளுக்கு ஏற்றுமதி ஆர்டர் மட்டும் பிடித்துக் கொடுத்த சோதனையில் லாபம் 16 முதல் 26 சதவீதம் கூடியது, நெசவுத் தரமும் கூடியது. கண்டிப்பான வாங்குபவர் தரத்தைக் கற்றுக்கொடுக்கிறார். இந்த இரண்டு சான்றையும் உறுதியானவையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பதிவு செய்தாலே லாபம் வரும் என்ற பேச்சுக்கு அவ்வளவு பலமில்லை. இலங்கையில் பதிவில்லாத சிறு தொழில்களிடம் விவரம் சொல்லிப் பதிவுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய யாரும் வரவில்லை. இரண்டு மாத லாபத்துக்கு ஈடான பணம் கொடுத்தபோதுதான் பாதிப் பேர் பதிவு செய்தார்கள். பிறகு லாபம் கூடியது உண்மை. ஆனால் வேகமாக வளர்ந்த சிலர்தான் அந்தச் சராசரியை மேலே இழுத்தார்கள். எனவே எந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்த்து எடுங்கள். உணவுப் பாதுகாப்பு அனுமதியில் பேரமே கிடையாது, முதல் பாட்டிலுக்கே வேண்டும். சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு இலவசம், ஆனால் சான்றிதழில் முதன்மைத் தொழில் என்ன என்று பாருங்கள். உற்பத்தி என்று இருக்க வேண்டும். வியாபாரம் என்று தவறாகப் போட்டிருந்தால் தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கிடைக்காது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 15 நாளில், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து அந்த நாளைத் தாண்டிய பாக்கியை வாங்கும் நிறுவனம் வருமானவரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டாதீர்கள், உறவு போய்விடும். ஆடிட்டர் வைத்திருக்கும் நிறுவனத்திடம் பில்லின் கீழே உதயம் எண்ணை அச்சிட்டாலே போதும், அவர்கள் ஆடிட்டரே நினைவூட்டுவார்.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு பற்றியும் ஒரு வார்த்தை. பெயரை வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்ளாமல் தடுக்க அது உதவும். அனுமதி பெற்ற பயனராகச் சேர்வதற்கான கட்டணமும் 10 ரூபாய்தான். அது விலையை உயர்த்துமா என்பது சந்தேகம். பெயரைக் கண்டு கூடுதலாகக் கொடுக்கும் வாங்குபவர் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பெயரில் மோசமான தேன் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டமைப்பு வேண்டும். சேர்ந்து வையுங்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இனி 5 லட்சம். கூடுதலாக 2 டன் பாட்டிலுக்குத் திருப்ப, 24 சதவீதத் தேனாக 2,100 கிலோ வேண்டும்; 150 ரூபாய்க்கு 3 லட்சத்து 15 ஆயிரம். டிரம்மில் கிலோவுக்கு 20 ரூபாய் நிற்பதும் பாட்டிலில் எல்லாச் செலவும் போக 100 ரூபாய் நிற்பதும் உங்கள் அனுபவம் என்றால், இந்த 2 டன்னில் மட்டும் கூடுதலாக 1 லட்சத்து 60 ஆயிரம் வரும். மீதியில் பாட்டில், லேபிள், சோதனைக் கட்டணம் போக, நம்பகமான எட்டுப் பத்துப் பெட்டிக்காரர்களுக்கு ஆடியில் சீனிக்குக் கொடுக்க ஒரு லட்சத்தை ஒதுக்குங்கள். தளிர் கண்டதும் பாகை நிறுத்துவது என்பதே நிபந்தனை, விலையைக் குறைக்காதீர்கள். வியாபாரியை ஒரே ஆண்டில் விட்டுவிடவும் வேண்டாம். 5 டன் அவருக்கே போகட்டும். ஒரு பருவம் மழை பிந்தினால் அவர்தான் சரக்கை எடுப்பார்.

வங்கியில் நடப்பு மூலதனக் கடன் கேட்டால் விற்பனையில் 20 சதவீதம் என்று 4 லட்சத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே வரம்பாகப் போடுவார்கள். உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. மாசி முதல் சித்திரை வரை உயர்ந்தும் மற்ற மாதங்களில் தாழ்ந்தும் இருக்கும் பருவகால வரம்பு வேண்டும் என்று மாதவாரியான வரவுசெலவுக் கணக்கோடு கேளுங்கள். 4 லட்சம் போன்ற சிறு தொகைக்குக் குறுந்தொழில் கடனில் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளர் கேட்டால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அத்தோடு மாறும். கோப்பைக் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். பொங்கல் கழித்துக் கொடுத்தால், அனுமதி வரும்போது தளிர் முற்றியிருக்கும்.